வாயாடிக்கு வந்த கேள்விகள்

ஜனவரி 8

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அத்தானின் முதுகுவலி வந்த வழியே போய்விட்டது. என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன்னைத் தொலைபேசியில் பிடிக்கவே முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ குளிச்சிட்டு இருக்கா அண்ணி" என்கிறார். அவர் சொல்வதை நம்பினால் நீ ஆயுளில் பாதியைக் குளியலறையில் கழிக்கிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நகர நூலகத்திலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே பெரியவர்கள் வந்தார்கள், செய்தித்தாள் படித்தார்கள், தூங்கினார்கள், போனார்கள். இங்கே வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை. பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்து, கொடுத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் படிக்கிறார்கள்.

அந்தப் பாடவேளையின் மேல் கணக்கு ஆசிரியருக்கு ஒரு கண். நேற்று ஆசிரியர் கூட்டத்தில் அவர் கேட்டேவிட்டார். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. என்னைப் பார்த்து, "வருஷத் திட்டம் ஒண்ணு எழுதிக் குடுங்க. எந்த மாசம் எந்தப் பாடத்துக்கு நூலகம் என்ன செய்யும்னு அதுல இருக்கணும். ஜூன் கடைசி, அரையாண்டு வரைக்கும் பாக்கறேன். டீச்சருங்க பிரயோஜனம்னு சொன்னா இருக்கட்டும். இல்லன்னா அந்தப் பீரியடு கணக்குக்குப் போகட்டும்" என்றார். பாடவேளை போனால் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது, வாயாடி. அதுதான் சங்கடம்.

அறையைச் சொல்கிறேன், உனக்குக் கண்ணில் தெரியட்டும். நடைபாதையின் கடைசியில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள், எல்லாம் பூட்டியிருக்கும், சாவி என் இடுப்பில். மைக்கறை படிந்த நீள மேசை. சுவரில் சிவப்பு எழுத்தில் "பேசக் கூடாது" என்று ஒரு பலகை. பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில் பலகையைப் பார்க்கிறார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் புத்தகம் தெரியும், வகுப்பறை தெரியாது. நீ அறிவியல் எடுக்கிறவள், வகுப்பிலேயே கிடந்து வேகிறவள். ஒரு ஆசிரியருக்கு நூலகத்திலிருந்து உண்மையில் என்ன தேவை? விவரமாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
உம்மணாமூஞ்சி


ஜனவரி 21

அன்புள்ள உம்மணாமூஞ்சி அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபம். இங்கே இரண்டு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். அத்தானிடம் கேட்டதாகச் சொல்.

நீ எழுதியதே நல்லது. தொலைபேசியில் பேசினால் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவாய். திட்டம் என்றால் எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

முதல் வேலையாக அந்தப் பலகையைக் கழற்று. பேசக் கூடாத இடத்தில் எந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வரும்? அடுத்தது, அலமாரிகளைத் திற. தொலைந்தால் தொலையட்டும். அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதற்கு அது நகைக்கடை இல்லை.

திட்டத்தை நீயாக எழுதிக் கொண்டுபோய் ஆசிரியர்களிடம் நீட்டாதே. யாரும் படிக்க மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் வெறுங்கையோடு போய் ஒரே கேள்வி கேள்: "வர்ற மாசத்துல எந்தப் பாடம் எடுக்க உங்களுக்கு அலுப்பா இருக்கும்?" எல்லோருக்கும் அப்படி ஒன்று உண்டு. எனக்கும் உண்டு. அந்தப் பாடங்களை மாதவாரியாக எழுதினால் அதுதான் உன் வருஷத் திட்டம். பாடம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதற்குண்டான புத்தகங்களை அந்த வகுப்பில் கொண்டுபோய் வைத்துவிடு. பிள்ளைகள் மேய்ந்து பார்க்கட்டும்.

செயல்பாடுகள் என்றால்: சமூகப் பாடத்துக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொருவரும் வரைபடமாகப் போடுவது. அறிவியலுக்கு, கண்டெடுத்த கல், இலை, இறகு எதுவானாலும் மேசையில் வைத்து, புத்தகத்தில் தேடிப் பெயர்ச்சீட்டு எழுதுவது. மொழிக்கு, படித்த புத்தகத்தின் உள்ளே அடுத்து படிக்கப்போகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டு வைப்பது. ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவரவர் புத்தகத்தை அவரவர் படிக்கிற பாடவேளை ஒன்று இருக்கட்டும். சத்தமாகக் கதை வாசிக்கிற நேரம், பேச்சுப் போட்டி இதெல்லாம் வேண்டாம் அக்கா. தேவையில்லை.

மாத்திரையை வேளாவேளைக்குப் போடு.

உன் தங்கை,
வாயாடி


பிப்ரவரி 12

அன்பு வாயாடிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நீ சொன்ன குத்துக்கற்களின் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன், பள்ளியில் இருப்பாய் என்று தெரிந்தே, மாப்பிள்ளையிடம் விஷயம் சொல்லி வைக்கலாமென்று. "கடைக்குப் போயிருக்கா" என்றார். வேலை நாளில், பத்து மணிக்கு, என்ன கடை? கேட்டதும் அவர் இருமினார்.

பலகையைக் கழற்றிவிட்டேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவது வாரம்தான் ஒரு பெண் அதைக் கவனித்தாள். ஆறாம் வகுப்பு. பார்க்கச் சுண்டெலி மாதிரி இருப்பாள், பெயரும் அதுதான் வகுப்பில். "மிஸ், இப்ப பேசலாமா?" என்றாள். பேசலாம் என்றேன். "என்ன பேசலாம்?" என்றாள்.

உன் கேள்வி மந்திரம் மாதிரி வேலை செய்தது. திட்டம் என்றால் தலையைத் தடவுகிறவர்கள், அலுப்பு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சமூகப் பாட ஆசிரியைக்கு வரைபடம். மொழி ஆசிரியருக்குக் கட்டுரை. அறிவியல் ஆசிரியர் மட்டும் "எனக்கு அலுப்பே கிடையாது" என்று சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "நீரும் மேகமும். மார்ச் மாசம்" என்றார். கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "இது நடந்தா சரி" என்றார். பழைய தேநீர்த் தள்ளுவண்டி ஒன்று கிடங்கில் கிடந்தது. அதற்கு எண்ணெய் போட்டு, அதில்தான் புத்தகங்கள் வகுப்புக்குப் போகின்றன. சக்கரம் கிறீச்சிடும். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கதவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. சத்தமாக வாசிக்கும் நேரம் வேண்டாம் என்கிறாய். பேசியதற்காகப் பள்ளிக்கூட நாட்களில் பாதியை வகுப்புக்கு வெளியே நின்று கழித்த நீயா இதைச் சொல்கிறாய்? ஏன் என்று எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. உன் மாப்பிள்ளைக்கு இருமல், அதனால் இருமினார். ஒரு கடைக்குப் போனதற்கு இத்தனை விசாரணையா?

தள்ளுவண்டிக்கு இனிமேல் எண்ணெய் போடாதே. கிறீச்சிடட்டும். உன் பள்ளியிலேயே நல்ல மணி அதுதான்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

தங்கை


மார்ச் 18

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

நீ சொன்னபடி ஒரு வாரம் முன்னாலேயே மேகப் புத்தகங்களை ஆறாம் வகுப்பில் வைத்தேன். பிள்ளைகள் மேயவில்லை, வேரோடு பிடுங்கித் தின்றார்கள். படம் பார்த்தார்கள், சண்டை போட்டுப் படித்தார்கள், வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் தொடங்குகிற நாள் வந்தது. அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் "நீர்" என்று எழுதுவதற்குள் "ஆவியாகி மேலே போகும் சார்" என்று வகுப்பே சொல்லிவிட்டதாம். அவர் அடுத்த வரியைத் தொட்டால் அதையும் சொல்லிவிட்டார்கள். அவர் தயார் செய்துகொண்டு போனது எல்லாம் கால்மணியில் காலி.

அப்போதுதான் நம் சுண்டெலி எழுந்திருக்கிறாள். "சார், மேகத்துக்குள்ள டன் கணக்குல தண்ணி இருக்குன்னு போட்டிருக்கு. அவ்வளவு கனமா இருந்தா அது ஏன் கீழ விழல?" அவர் "ஒக்காரு" என்றாராம். அவள் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் எழுந்து அதையே கேட்டிருக்கிறாள்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார்: "நான் பாடம் எடுக்கப் போறேனா, அதுங்க எனக்குப் பரீட்சை வைக்குதா? உங்க வண்டி இனிமே என் வகுப்புக்கு வரவேண்டாம்." கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கணக்கு ஆசிரியர் சுண்ணக்கட்டித் தூசியைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

தவறு எங்கே என்று எனக்குப் புரிகிறது. நூலகக்காரிக்குப் புத்தகம் எவ்வளவு சீக்கிரம் கைக்குப் போகிறதோ அவ்வளவு சந்தோஷம். அந்த மனுஷன் வகுப்பில் தனியாக நிற்பார் என்று யோசிக்கவில்லை. யோசனை உன்னுடையது, உதை எனக்கு. இனி என்ன செய்ய? நீ இந்த நேரத்தில் தொலைபேசியில் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மேகம் ஏன் விழவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. அதையும் எழுது.

உன் அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. உன் கடிதம் வந்தது முதல் எழுதிக்கொண்டே இருக்கிறேன், கை வலிக்கிறது.

படித்துவிட்டுச் சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தேன். மாப்பிள்ளை ஓடி வந்து முதுகைத் தட்டினார். பிறகு அந்த ஆசிரியரை நினைத்து வருத்தமாக இருந்தது. எதிர்பாராத கேள்வி வரும்போது வகுப்பில் நிற்கிற நிற்பு எனக்குத் தெரியும். நாற்பது ஜோடிக் கண் பார்க்கும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று நமக்கே தெரியாது. அவரைக் குறை சொல்லாதே. யோசனை தவறில்லை, நடுவில் ஒரு படியை விட்டுவிட்டோம்.

ஒரு அட்டைப்பெட்டி எடு. நூலகத்தில் வை. புத்தகம் முன்கூட்டியே போகட்டும், ஆனால் படிக்கும்போது வருகிற கேள்வியைப் பிள்ளைகள் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போடட்டும். பாடத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நீ சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் தனியாகக் கொடு. யார் முன்னாலும் வேண்டாம். எது பிடிக்கிறதோ அதை அவர் எடுத்துக்கொள்ளட்டும். பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், அப்போது வகுப்பு அவர் கையில். பதில் தெரியாததும் நேரமில்லாததும் எனக்கு வரட்டும். நான் எழுதி அனுப்புகிறேன், நீ சுவரில் அந்த வெள்ளைச் சதுரத்தில் ஒட்டு. எனக்கும் பொழுது போகும்.

மேகத்தில் டன் கணக்கில் தண்ணீர் இருப்பது உண்மை. ஆனால் அது ஒரே கட்டியாக இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துளிகளாக இருக்கிறது. ஜன்னல் வழியாக வெயில் விழும்போது அறையில் தூசி மிதக்குமே, பார்த்திருக்கிறாயா? தூசியும் விழத்தான் செய்கிறது. ஆனால் அவ்வளவு மெதுவாக. கீழேயிருந்து லேசாகக் காற்று வந்தால் போதும், மேலேயே நின்றுவிடும். மேகமும் அப்படித்தான் விழுந்துகொண்டே இருக்கிறது. மேலே ஏறும் காற்று விடுவதில்லை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தால் காற்றால் தாங்க முடியாது, அதுதான் மழை. இதைச் சுண்டெலிக்குக் கொடு. முதலில் அந்த ஆசிரியருக்குக் கொடு.

உன் தங்கை,
வாயாடி


மே 9

அன்பு வாயாடிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன்னைப் பற்றித்தான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் மேகப் பதிலைத் தாளில் பெயர்த்து எழுதி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வகுப்பில் ஜன்னல் கதவை ஒருக்களித்துச் சாத்தி, வெயிலில் தூசியைக் காட்டித் தொடங்கினாராம். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்களாம். அதற்கடுத்த வாரம் அவரே நூலகத்துக்கு வந்து, "பெட்டில ஏதாவது விழுந்திருக்கா?" என்றார். இப்போது தள்ளுவண்டி அவர் வகுப்புக்குத்தான் முதலில் போகிறது.

சுவரில் ஒட்டிய மேகப் பதிலின் கீழே நான் "வாயாடி" என்றுதான் எழுதியிருக்கிறேன். அது யாரென்று பள்ளிக்கூடமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. தாடி வைத்த தாத்தா என்கிறான் ஒருவன். இத்தனை தெரிந்தவர் எப்படி வாயாடியாக இருக்க முடியும் என்று எட்டாம் வகுப்பில் ஒரு வாதம். தலைமை ஆசிரியைதான் இரகசியமாக எழுதுகிறார் என்று ஒரு கட்சி. அவரும் மறுக்காமல் பெருமையாக நடமாடுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பிய சீட்டுக் கட்டுக்கு இன்னும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பிள்ளைகள் தினமும் சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டால் பயிற்சிக்குப் போயிருக்கிறாய் என்கிறார். முதல் தடவை வடக்கே ஒரு ஊரைச் சொன்னார். அடுத்த தடவை கடற்கரை ஊர் ஒன்றைச் சொன்னார். பாவம், பொய் அவருக்குப் பொருந்தாத சட்டை மாதிரி இருக்கிறது.

அரையாண்டுக் கூட்டம் ஜூன் கடைசியில். அதைப் பற்றிக்கூட எனக்கு இப்போது பயமில்லை. நீ இரண்டு வரி எழுது, போதும்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கவலைப்படாதே. ஒரு வேலையாக வெளியூரில் இருந்தேன்.

கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இத்துடன் இருக்கிறது. பல்லி கண்ணாடியில் ஏறுவது, கடல் உப்பாக இருப்பது, கொட்டாவி தொற்றிக்கொள்வது. கொட்டாவிக்கு இன்னும் யாருக்கும் முழுப் பதில் தெரியாது, அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். தெரியாது என்று ஒட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்தக் கட்டு வந்த சமயத்தில் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. படுத்துக்கொண்டே ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். நன்றி என்று சுண்டெலியிடம் சொல்.

உன் தங்கை


ஜூன் 30

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் நலம். நீ படுத்துக்கொண்டு படித்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கவனித்தேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நேற்று கூட்டம். தலைமை ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார். சமூகப் பாட ஆசிரியை வரைபடங்களைச் சுவர் முழுக்க மாட்டியதைச் சொன்னார். மொழி ஆசிரியர், துண்டுச் சீட்டு வைப்பதற்காகவே புத்தகத்தை முடிக்கிறார்கள் என்றார். அடுத்து அறிவியல் ஆசிரியர் எழுந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நானும் வருஷக்கணக்கா மேகம் எடுத்திருக்கேன். இந்த வருஷம்தான் மேகத்த நானே பாத்தேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாடவேளை எனக்கே. கணக்கு ஆசிரியர் போகும்போது என் பக்கம் குனிந்து, கணக்குக்கும் ஒரு பெட்டி வைக்கலாமா என்று கேட்டார்.

வருஷத் திட்டத்தின் ஆகஸ்ட் கட்டம் காலியாக இருந்தது. பிள்ளைகளே நிரப்பிவிட்டார்கள். வாயாடியைப் பார்க்க வேண்டுமாம். எல்லா வகுப்பும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டது, தலைமை ஆசிரியையும் தலையாட்டிவிட்டார். ஆகஸ்ட் பத்தாம் தேதி வா. காலையிலிருந்து பிள்ளைகள் கேட்பார்கள், நீ சொல்ல வேண்டும். உனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி இருக்குமே.

உன் அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

பாடவேளை உன்னிடமே நின்றது கேட்டு எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. அத்தானிடம் இனிப்பு வாங்கித் தரச் சொல்.

நான் வர முடியாது. விடுப்புக் கிடைக்காது. பயணம் ஒத்துக்கொள்ளாது. தாடி வைத்த தாத்தாவை எதிர்பார்க்கிறவர்களுக்கு என்னைப் பார்த்தால் சப்பென்று போய்விடும். எழுத்தில் இருப்பதுதான் நல்ல வாயாடி. நேரில் இருக்கிறவள் இப்போதெல்லாம் அவ்வளவு சுவாரஸ்யமில்லை.

பிள்ளைகளிடம் ஏதாவது சொல்லிச் சமாளி. கோபித்துக்கொள்ளாதே.

தங்கை


ஜூலை 19

என் கண்ணே,

நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

கையில் கிடைத்ததை எல்லாம் வரிசைப்படுத்துவது என் தொழில் கொடுத்த கெட்ட பழக்கம். உன் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கி ஒரே மூச்சில் படித்தேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த செயல்பாடுகளில் ஆசிரியர் வாய் திறக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. வருஷம் பிறந்ததிலிருந்து உன் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பற்றிக்கூட நீ எழுதவில்லை. சத்தமில்லாமல் சிரிக்கிறாய். வேலை நாளில் வீட்டில் இருக்கிறாய். தொலைபேசிக்கு மட்டும் வருவதே இல்லை.

உன் தொண்டைக்கு ஏதோ வந்திருக்கிறது. எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையை உலுக்கினால் ஒரு நிமிஷத்தில் கொட்டிவிடுவார். அதைச் செய்யவில்லை. உனக்குச் சொல்ல வாய் வராதபோது அடுத்தவர் வாயைப் பிடுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சமையலறையில் நின்று அழுதேன், உன்மேல் கோபமாகவும் இருந்தது. அக்காவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறாய்?

நேற்று அலமாரியை நகர்த்திப் பலகையை வெளியே எடுத்தேன். துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: ஆகஸ்ட் பத்தாம் தேதி ஒருநாள் மட்டும் நூலகத்தில் யாரும் பேசக் கூடாது. கேள்வி எல்லாம் சீட்டில். பதில் எல்லாம் கரும்பலகையில். மீறிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், தலைமை ஆசிரியையாகவே இருந்தாலும், எல்லோரும் சேர்ந்து அடக்கலாம். அவர்களுக்கு ஒரே குஷி. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

வந்து உட்கார். பேச வேண்டாம். எனக்குக்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன் அக்கா


ஆகஸ்ட் 12

என் உம்மணாமூஞ்சிக்கு,

இரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது, பொறுத்துக்கொள். மாப்பிள்ளை எதிரே தூங்குகிறார். எங்கள் இருவருக்கும் சுகம்தான். இந்தத் தடவை அது பொய்யில்லை.

நேற்று உன் வீட்டில் நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் எழுதிக் காட்டவில்லை. இப்போது முழுதும் சொல்கிறேன். போன வருஷக் கடைசியில் குரல் கம்மியது. வகுப்பில் கத்திக் கத்தி வந்ததென்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் ஒரு காலை, வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்தால் வெறும் காற்று. குரல்வளையில் கட்டிகள். அன்றிலிருந்து விடுப்பு. ஏப்ரலில் அறுவை செய்தார்கள், கெட்டது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பல வாரங்கள் ஒரு சத்தமும் கூடாது என்றார்கள். ஜூன் கடைசியில், இனி மெதுவாகப் பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். நான் பார்க்கவில்லை, அக்கா. பேசிப் பார்த்து வரவில்லை என்றால்? முயன்று பார்க்காதவரை குரல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் பேச முடியாத ஆசிரியை யாருக்கு வேண்டும்? உன்னிடம் சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

உன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் இருக்கிற அறையில் பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்பது எப்படி இருக்கும் என்று நான் இதுவரை அறிந்ததில்லை. தாடி இல்லாததைப் பற்றி யாரும் குறைப்படவில்லை. கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த சீட்டு மேசைக்கு வந்துவிடும். உன் அறிவியல் ஆசிரியரும் வரிசையில் நின்று ஒரு சீட்டு நீட்டினார், பார்த்தாயா?

நீ பார்க்காதது ஒன்று உண்டு. மத்தியானம் தலைமை ஆசிரியை உன்னை வெளியே கூப்பிட்டாரே, அப்போது நடந்தது. சுண்டெலி வந்தாள். சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "மேகத்தைக் காற்று கீழே விடாது என்று எழுதினீர்கள். போன வாரம் பனிமூட்டத்தில் நடந்து வந்தேன். தலைமுடி நனைந்துவிட்டது. அது கீழே வந்த மேகம்தானே?"

அக்கா, இந்தக் கேள்விக்காகத்தானே நாமெல்லாம் சுண்ணக்கட்டி பிடிக்கிறோம். ஆமாம், பனிமூட்டம் தரையில் படுத்திருக்கிற மேகம்தான். மேலேயிருந்து விழுந்ததில்லை, அங்கேயே உருவானது. அந்தப் பெண் தன் ஈரத் தலையிலிருந்து அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"அடி சக்கை!"

கரகரப்பாக, மரக்கதவு திறக்கிற மாதிரி இருந்தது. உன் தள்ளுவண்டியின் கிறீச்சொலி இதற்கு எவ்வளவோ மேல். ஆனால் அது காற்றில்லை. குரல். என்னுடையது.

அடுத்த கணம் அறை முழுவதும் ஒன்றாகத் திரும்பியது. அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார்கள். சுண்டெலி மிகவும் கண்டிப்பாக, கையை நீட்டிச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள்.

நானும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டேன். நீ திரும்பி வந்தபோது என் கண் கலங்கியிருந்தது அதனால்தான். சுண்ணக்கட்டித் தூசி என்று ஜாடை காட்டினேனே, நம்பியிருக்க மாட்டாய்.

பலகையைக் கழற்றிவிடு. அடுத்த வருஷத் திட்டத்தில் சத்தமாக வாசிக்கும் நேரம் ஒன்று சேர்த்துக்கொள். முதலில் கரகரப்பாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வை.

அத்தானுக்கு என் அன்பு. முழங்காலைக் கவனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிடு. அன்றைக்கு நான் குளிக்கப் போவதாக இல்லை.

உன் தங்கை,
வாயாடி